வலது முழங்கால் பக்கம்

"அசையாம அப்படியே இரும்மா" என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் பக்கத்து வண்டிக்குப் போய்விட்டார், நானும் அசையாமல்தான் இருக்கிறேன், அசைய நினைத்தாலும் முடியாது, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு நடுவே இரண்டு என்று ஆறு பட்டைகள் வந்து வயிற்றின் மேல் ஒரு வட்டப் பூட்டில் சேர்ந்திருக்கின்றன, ரித்விக் அவற்றை இழுத்து இறுக்கும்போது "மூச்சு வருதா" என்று கேட்டான், "வருது" என்றேன், "அப்ப இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்" என்று இன்னொரு இழுப்பு இழுத்தான், அணித் தலைவன் அல்லவா, எதையும் ஒரு சுற்று அதிகமாக இறுக்கினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பெல்ட்டில் தைத்திருந்த தேதிச் சீட்டு அழிந்துபோயிருக்கிறது, அதற்கான சான்றிதழை எடுக்க அவன் லாரிக்கு ஓடியிருக்கிறான், அவன் வரும்வரை நான் இந்தத் தகரக் கொட்டகையில், காலை பதினொரு மணி வெயிலில், மூன்று அடுக்குத் தீத்தடுப்பு உடுப்பும் ஹெல்மெட்டும் கையுறையுமாக, ஊறுகாய்ப் பானைக்குள் போட்ட எலுமிச்சை மாதிரி ஊறிக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே வடிவமைத்து, தாங்களே செய்து, தாங்களே ஓட்டும் பந்தய வண்டிகளின் போட்டி இது. எங்கள் வண்டி ஒரு ஆள் உட்காரும் வண்டி, கூரை இல்லை, மோட்டார் சைக்கிள் என்ஜின், இரும்புக் குழாய்ச் சட்டம், இருபத்துமூன்று பேருடைய பதினொரு மாதம். இந்தக் கொட்டகையில் தேறினால் வண்டியின் மூக்கில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஸ்டிக்கர் இருந்தால்தான் நாளை மதியம் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கலாம். மற்றதெல்லாம் தேறிவிட்டது. மிச்சம் இருப்பது வெளியேறும் சோதனை மட்டும்: அவர் ஸ்டாப்வாட்சை அழுத்துவார், நான் பூட்டைத் திருகி, ஸ்டீயரிங்கைக் கழற்றி எறிந்து, எழுந்து, இரண்டு காலையும் தரையில் வைக்க வேண்டும், ஐந்து விநாடி. தீப்பிடித்த வண்டியிலிருந்து ஒரு ஆள் வெளியே வர அவ்வளவுதான் கொடுக்கலாம் என்று யாரோ எங்கோ கணக்குப் போட்ட ஐந்து விநாடி. எனக்கு நாலரை போதும், பயிற்சியில் நாலு புள்ளி மூன்றுகூட வந்திருக்கிறது, வலது முழங்கால் மட்டும் அந்தக் குழாயில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழாயை நினைக்கக் கூடாது. நேர்காணலை நினை.

நாளைக் காலை வடிவமைப்பு நேர்காணல், மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஏன் இப்படிச் செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்பார்கள், பதில் சொல்வது என் வேலை, அணியில் வாயாடி நான்தான் என்பதால் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏனம்மா இரும்புக் குழாய், இந்தக் காலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் கார்பன் இல்லையா என்பார்கள். இல்லை சார் என்பேன், எல்லாம் இல்லை. மெக்லாரனை எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டுபவரைச் சுற்றி ஒரே வார்ப்பாகக் கார்பன் தொட்டி, முறுக்கவே முறுக்காது. ஃபெராரி 296 அலுமினியம். லோட்டஸ்காரர்கள் அலுமினியப் பட்டைகளைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள், ஆமாம் சார், பசைதான், வெல்டிங்கின் சூடு படாததால் உலோகம் அதன் பலத்தோடு அப்படியே இருக்கிறது. போர்ஷே 911 ஜிடி3 பழைய வழியில் இரும்பும் அலுமினியமும் கலந்த கூடு, என்ஜினைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள், எந்தப் பாடப் புத்தகமும் வேண்டாம் என்று சொல்லும் இடம், ஆனாலும் ஓட்டியவர்களெல்லாம் அதைத்தான் கடைசியில் கேட்கிறார்கள். ஆக எதால் செய்தது என்பது ஒரு கேள்வி, ஓட்டுபவரின் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பக் கூடாது. இங்கே ஒரு நிறுத்தம் விட வேண்டும், நடுவர்களில் ஒருவராவது தலையாட்டுவார். கைக்கு வருவது எப்படி என்றால், மெக்லாரன் இன்னமும் எண்ணெய் அழுத்தத்தில் உதவி செய்யும் ஸ்டீயரிங்கை விடாமல் வைத்திருக்கிறது, லோட்டஸ் எமிராவும் அப்படியே, மற்றவர்கள் பெரும்பாலும் மின்சார மோட்டாருக்குப் போய்விட்டார்கள், 296-இல் பிரேக் மிதியே நேராகப் பிரேக்கைத் தொடுவதில்லை, மிதித்ததைக் கம்ப்யூட்டர் படித்துத்தான் பிரேக்குக்குச் சொல்கிறது. கியருக்கு மூன்றாவது மிதி வைத்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் இருபத்துமூன்று பேரும் இதைப் பற்றிச் சண்டை போடாத நாள் இல்லை, ஜிடி3-யா மெக்லாரனா என்று ரித்விக்கும் நானும் கோவையிலிருந்து சென்னை வரை ரயிலில் கத்தி, எதிர் சீட்டு அம்மா "எந்த வண்டி வாங்கப் போறீங்க தம்பி" என்று கேட்டார், அவன் கூச்சப்படாமல் "இன்னும் முடிவு பண்ணலங்க" என்றான். ஒருவர்கூட அந்த வண்டிகளின் கதவைத் திறந்ததில்லை. நான் மட்டும் ஒரு முறை, ஒரே முறை, கதவைத் திறந்து உட்கார்ந்தும் இருக்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கல்லூரி விழாவுக்குத் தன் மஞ்சள் வண்டியில் வந்தார், தரையோடு ஒட்டிய வண்டி, நடுவில் என்ஜின், விலை கேட்டால் எங்கள் டிபார்ட்மெண்ட்டையே வாங்கலாம். பையன்கள் சுற்றி நின்று ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள், நான் குனிந்து முன்சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், "ஃபோட்டோ எடுக்கணுமாம்மா, உள்ள உக்காருங்க" என்றார் அவர். ஃபோட்டோ வேண்டாம் சார், இந்த ஸ்டீயரிங் எண்ணெயா மோட்டாரா என்று கேட்டேன். அவர் யோசித்தார், பாவம், உண்மையாகவே யோசித்தார், "தெரியலயேம்மா, நான் எப்பவும் ஆட்டோமேட்டிக்லயேதான் வச்சிருப்பேன்" என்றார். இரண்டு கிலோமீட்டர் கூட்டிப்போனார். முதுகில் யாரோ உதைத்த மாதிரி போனது, வளைவில் அவர் இரண்டு விரலால் திருப்பினார், வண்டி தானே தீர்மானித்துத் தானே நடுங்கித் தானே சரியாகிக்கொண்டது, அவர் அப்போது எனக்குத் தன் மகனுடைய ஆஸ்திரேலியா விசாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அறுநூறு குதிரையைக் கட்டிப்போட்டு மேலே ஒரு சோபாவைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அந்த வாரமே கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன், ஓட்டுபவரின் ஈடுபாடு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது வசதி அல்ல, அது தகவல், தரை சொல்வது கைக்கு வர வேண்டும், நடுவில் நிற்கும் ஒவ்வொரு ரப்பரும் ஒவ்வொரு மோட்டாரும் ஒவ்வொரு ஜாயிண்ட்டும் ஒரு பொய் என்று எழுதினேன். பொய் என்றுதான் எழுதினேன். அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறார், இருபத்தாறு வருஷம், வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, ஸ்டீயரிங்கு எதுக்குப் பேசோணும், சும்மா கெடந்தாப் போதாதா" என்றார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த மாதம்தான் அவர் வண்டியின் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தது, கால் சுற்று திருப்பினால்தான் சக்கரம் அசைய ஆரம்பிக்கும், அவரே வீட்டில் சொன்னார், புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டேன், செய்வார்கள் என்றார், செய்யவில்லை, மூன்று மாதம் அப்படியே ஓட்டினார். நான் விடவில்லை. தெரிஞ்சும் எப்படிப்பா அறுபது பேரை ஏத்தறீங்க என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "எழுதியாச்சு கண்ணு, எடுக்கலைன்னா வேற ஒருத்தன் எடுப்பான், அவனுக்கு அந்த ஆட்டம் பழக்கமிருக்காது" என்றார். அது ஒரு பதிலா என்று கேட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவ்வளவு சுத்தமான ஆள் நான், அவ்வளவு சுலபமாக இருந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது.

"என்ன வாணி, உள்ளயே செட்டில் ஆயிட்டியா, ரேஷன் கார்ட மாத்திரலாமா" என்கிறான் இம்தியாஸ். அவன்தான் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு வண்டியின் வலது பக்கம் நிற்கிறான், சோதனையின்போது ஒருவர் அப்படி நிற்க வேண்டும் என்பது விதி, எனக்குப் பிறகு அவனுக்குச் சோதனை, நாளை நெடுந்தூர ஓட்டத்தில் முதல் பாதி அவனுடையது. "வாயை மூடு" என்கிறேன், ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்கிறது. "வாய மூடுன்னு நீ சொல்ற, பாரு காலத்த" என்று சிரிக்கிறான். அவன் கால்கள் நீளம். என்னைவிட எட்டு சென்டிமீட்டர். நான் உட்கார்ந்தால் முழங்காலுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் போகும், அவன் உட்கார்ந்தால் முழங்கால் அதில் சாய்ந்துகொள்ளும், இடது வளைவில் அதில்தான் முட்டுக்கொடுத்து உடம்பை நிறுத்துகிறான், வண்டி என்னைப் பிடிச்சிக்குது என்பான் அதை. போதும். நேர்காணலுக்கு வா. உங்கள் ஸ்டீயரிங் ஏன் நேர்த்தண்டு என்று கேட்பார்கள், மற்ற அணிகளெல்லாம் நடுவே ஒரு ஜாயிண்ட் வைத்து மடக்கித்தானே இறக்கியிருக்கிறார்கள் என்பார்கள். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது, ஐந்து வாரம் முன்பு வரை. ஜாயிண்ட்டில் ஒரு மயிரிழை ஆட்டம், திருப்பும்போது நடுவில் ஒரு மந்தம், தரை சொல்வது அங்கே தொலைகிறது என்று நான்தான் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினேன், கணக்குக் காட்டினேன், என் கட்டுரையிலிருந்து என் வரியையே எடுத்துக் காட்டினேன். ஸ்டீயரிங் பெட்டியை மேலே தூக்கினால் தண்டு நேராகிவிடும் என்றேன். தூக்கினால் சக்கரத்துக்குப் போகும் கம்பி சட்டத்தின் சாய்வுக் குழாயில் உரசும் என்றான் ரித்விக். இடது பக்கம் உரசாது, அளந்துவிட்டேன், நம் சட்டம்தான் நாலு மில்லிமீட்டர் கோணலாயிற்றே, வலது பக்கம் மட்டும் குழாயை இருபத்திரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் போதும் என்றேன். இரண்டரை மணி நேரம் பேசினேன். இம்தியாஸ் அப்போது ஊரில் இல்லை, அவன் அக்காவின் நிக்காஹ். கடைசியில் ரித்விக் நாற்காலியில் சரிந்து, "உங்கிட்டப் பேசறதுக்குக் குழாய அறுக்கறது ஈஸி" என்றான், எல்லோரும் கை தட்டினார்கள், நான் ஜெயித்தேன். ஜெயித்தால் எனக்குக் காதுமடல் சூடாகும், அன்றும் ஆயிற்று.

குழாயை முழுசாக மாற்றியிருக்கலாம். கோவை கணபதியில் எங்களுக்கு வெல்டிங் செய்துதரும் தேவசகாயம் அண்ணன் அதைத்தான் சொன்னார், "ரெண்டு முனையையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு போட்டரலாமுங்க, ரெண்டு நாள் ஆகும்." இரண்டு நாள் இல்லை, வண்டி வியாழக்கிழமை சோதனை ஓட்டத்துக்குப் போக வேண்டும், என் நேர்த்தண்டு பேசுகிறதா இல்லையா என்று எனக்கு வியாழக்கிழமை தெரிய வேண்டும். நடுவில் அறுத்து, தள்ளி, ஒரு சாண் துண்டை வைத்து ஒட்டிவிடுங்கள் என்றேன். உள்ளே ஒரு தடி செருகி ஒட்டினால் சரி, அந்த அளவுத் தடி கைவசம் இல்லையே என்றார். முனைக்கு முனை வைத்து ஒட்டுங்கள் அண்ணா, சாய்வுக் குழாய்தானே, மேலே கீழே முழுக் குழாய்கள் இருக்கின்றன என்றேன். அவர் முகத்திரையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க, சொன்னாச் செய்யறனுங்க." ஒட்டிய பிறகு துண்டின் இரண்டு முனையிலும் மோதிரம்போல் மேடாக நின்றது வெல்டிங், பார்த்தால் யாருக்கும் தெரியும், விதிப்புத்தகம் அப்படி ஒட்டக் கூடாது என்கிறது. மேட்டைத் தேய்த்துச் சமமாக்கினால் தெரியாது, ஆனால் தேய்க்கும்போது போவது அந்த ஒட்டின் பலம், இது மூன்றாம் செமஸ்டர் பாடம், நான் அதில் தொண்ணூற்றொன்று. கிரைண்டரை எடுத்தது நான்தான். தேவசகாயம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார், அல்லது நான் தேய்ப்பதைப் பார்க்க வேண்டாமென்று போனார். பொறி பறந்து கண்ணாடியில் பட்டது, இரும்பு வெந்த வாசனை தலைமுடியில் இரண்டு நாள் இருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். ரித்விக்குக்குத் தெரியும். ரித்விக், நான், தேவசகாயம் அண்ணன். சட்டத்தின் விவரப் படிவத்தில் அந்தக் குழாய்க்கு எதிரே 'ஒரே துண்டு' என்று இருந்தது, பழைய படிவம், யாரும் திருத்தவில்லை. யாரும் என்றால் யார், படிவம் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. வடிவமைப்பு அறிக்கையில் ஏன் இரும்பு என்ற தலைப்பில் நான் எழுதியது இது: கார்பன் உள்ளே பிளந்தாலும் வெளியே தெரியாமல் இருந்துவிடலாம், இரும்பு உடையும் முன் காட்டிக்கொடுக்கும், ஆகவே எங்களைப் போன்ற மாணவர் பட்டறைக்கு இரும்பே நேர்மையான பொருள். நேர்மையான பொருள். நாளை அதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்து வந்து வியாழக்கிழமை இம்தியாஸ் முதல் தடவை ஓட்டினான், நாலு சுற்று போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பி, "வாணி, இது பேசுதுடி" என்றான். "தரைல ஒரு சின்னக் கல்லு கெடந்தாக்கூடச் சொல்லுது. என்ன பண்ணுனீங்க இதுக்கு." தண்டை நேராக்கினோம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லாதது பொய்யா என்று நான் விவாத மேடையில் எதிர்த்தரப்பை மடக்கியிருக்கிறேன் ஒரு தடவை, பொய்தான் என்று நிரூபித்துக் கோப்பை வாங்கினேன். அந்தத் தண்டு உண்மையாகவே பேசியது, அதுதான் கொடுமை, நான் சொன்னது சரி, ஓட்டிப் பார்த்தபோது என் கைக்கே தெரிந்தது, முன்சக்கரம் பிடியை விடப்போகிறது என்பதை விடுவதற்கு முன்னாலேயே சொல்லியது, உள்ளங்கையில் ஒரு மெல்லிய குறைவுபோல், பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் குரலைத் தாழ்த்துவதுபோல். மஞ்சள் வண்டிக்காரருக்கு ஆயுளுக்கும் கிடைக்காதது. நேற்றுக் காலை வண்டியை லாரியிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். சாய்வுக் குழாயில் துணி ஒரு இடத்தில் நூல் மாட்டியதுபோல் தயங்கியது. குனிந்து பார்த்தேன். பெயிண்ட்டில் ஒரு கோடு, நகம் அகலம், ஒட்டு இருந்த இடத்திலேயே. பெயிண்ட் வெடிப்பாக இருக்கலாம், பெயிண்ட் வெடிக்கும், வெயிலில் வெடிக்கும், லாரி குலுங்கினால் வெடிக்கும். கட்டைவிரலால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவினேன், ஒரு பக்கம் மட்டும் தோலைப் பிடித்தது. பெயிண்ட் அப்படிப் பிடிக்குமா. பிடிக்கும் என்று வாதிட முடியும், எதையும் என்னால் வாதிட முடியும். என் பையில் கறுப்பு மார்க்கர் இருந்தது, டயருக்கு எண் போடுவதற்கு வைத்திருப்பது, அதை எடுத்து அந்தக் கோட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம்கூட அப்போது தயாராக இல்லை, எனக்கு, காரணம் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவளுக்கு. கை தானாகச் செய்தது, அந்த மஞ்சள் வண்டி தானே சரியாகிக்கொண்டதே, அது மாதிரி. சாயங்காலம் பயிற்சி ஓட்டம், இம்தியாஸ் பதினெட்டுச் சுற்று போனான், நான் சுவரோரம் நின்று நேரம் குறித்தேன், ஒவ்வொரு சுற்றுக்கும் விரலைக் கடித்தேன், நேரம் குறைந்துகொண்டே வந்ததால்தான் கடித்தேன். ராத்திரி தூங்கினேனா. தூங்கினேன் என்பதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

காலையில் பரிசோதகர் சட்டத்தைப் பார்த்தார், நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா, குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியை ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் நீட்டி, பல் டாக்டர் மாதிரி பார்த்தார். சாய்வுக் குழாயின் மேலும் டார்ச் வெளிச்சம் விழுந்தது. அது நகரும்வரை எண்ணினேன், இரண்டு. நகர்ந்துவிட்டது. அப்போது எனக்கு வந்தது நிம்மதியா, இல்லை, ஏமாற்றம், அந்த ஆள்மேல் கோபம், இதற்குத்தானே உன்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள், கண் தெரியவில்லையா உனக்கு என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். அவர் கண்டுபிடித்திருந்தால் நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண்டுபிடிக்கவில்லை என்றால் அது பெயிண்ட்தான். எழுதியாச்சு கண்ணு. அப்பாவாவது எழுதினார், புத்தகத்தில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. நான் எழுதியது மார்க்கரில். சொன்னால் என்ன ஆகும், ஸ்டிக்கர் கிடைக்காது, இருபத்துமூன்று பேருடைய பதினொரு மாதம் இந்தத் தகரத்துக்குக் கீழேயே முடிந்துவிடும், படிவத்தில் பொய் எழுதிய அணி என்று அடுத்த வருஷமும் பெயர் நிற்கும், முதல் வருஷத்திலிருந்து பட்டறையே கதி என்று கிடந்த பிள்ளைகள், வீட்டுக்குப் போகாத தீபாவளி. சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாமல் போகலாம், போகலாம், நாளை இருபத்திரண்டு கிலோமீட்டர், முதல் பாதி அவன், இடது வளைவுகள் ஒரு சுற்றுக்கு ஏழு, ஏழு தடவை அவன் முழங்கால் அதன்மேல் சாயும், குழாய் விட்டுக்கொடுத்தால் முனை எந்தப் பக்கம் திரும்பும், உள்பக்கம், நாங்கள் அதைத் தள்ளிய திசை உள்பக்கம், வெட்டின குழாயின் முனை எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன், அறுத்தது என் கண் முன்னால்தானே. இரண்டாம் பாதி நான் ஓட்டுவேன் என்று ஒரு எண்ணம் வருகிறது, ஆபத்தை நானும்தான் பங்குபோடுகிறேன் என்று, சீ, என்ன ஒரு வாதம் அது, என் கால் குட்டை, எனக்கு அந்தக் குழாய் படாது.

"வந்துட்டான் தலைவன்" என்கிறான் இம்தியாஸ். ரித்விக் சான்றிதழைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான், பரிசோதகர் வாங்கிப் படிக்கிறார், தலையாட்டுகிறார், பச்சை ஸ்டிக்கர் கட்டை எடுத்து மூக்கின்மேல் தயாராக வைத்துவிட்டு, சுற்றி இருப்பவர்களை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொல்கிறார். கையை ஸ்டீயரிங்மேல் வைக்கச் சொல்கிறார். வைக்கிறேன். நிற்கிற வண்டி, என்ஜின் அணைந்திருக்கிறது, ஆனாலும் கையுறைக்குள் உள்ளங்கை எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. பூட்டுக்கு இடது கை, ஸ்டீயரிங் கொக்கிக்கு வலது கை, காலை மடக்கு, எழு. ஆயிரம் தடவை செய்தது. இம்தியாஸ் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் குனிகிறான், "நாலு புள்ளி ரெண்டு, பாத்துக்க" என்கிறான். பரிசோதகர் என் முகத்தைப் பார்த்து, "ரெடியாம்மா" என்று கேட்டு, அழுத்துகிறார்.

ஒன்று. கை ஸ்டீயரிங்மேலேயே இருக்கிறது. இரண்டு. எடு என்கிறேன் கையிடம். ரித்விக் என் பெயரைச் சொல்கிறான். மூன்று. யாராவது ஏதாவது எதிர்த்துச் சொன்னால் பதில் சொல்லிவிடுவேன், யாரும் எதுவும் சொல்லவில்லை, நாலு. தகரக் கூரைமேல் ஏதோ பறவை நடக்கிற சத்தம். ஐந்து போய்விட்டது, ஆறும் போகிறது, "பூட்டு மாட்டிக்கிச்சா" என்று ரித்விக் முன்னால் வருகிறான், அவனை ஒரு கையால் தடுத்துவிட்டுப் பரிசோதகர் குனிகிறார், "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"என் வலது முழங்கால் பக்கம் டார்ச் அடிங்க சார்" என்கிறேன். "சாய்வுக் குழாய். கறுப்பா ஒரு கோடு இருக்கும். அது பெயிண்ட் இல்ல, மார்க்கர்."

அவர் ஒரு துணியில் தின்னரை நனைத்து, என் முழங்காலைக் கையால் ஒதுக்கிவிட்டுத் துடைத்தார். தின்னர் வாசனை ஹெல்மெட்டுக்குள் ஏறியது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார், பிறகு கண்ணாடிக் குச்சியைக் குழாய்க்குப் பின்னால் நீட்டினார், ரொம்ப நேரம் நீட்டினார். எனக்கும் தெரிந்தது. நேற்று நகம் அகலம் இருந்தது. இப்போது முன்பக்கம் முழுக்கச் சுற்றி, பின்னால் ஒரு விரல் தூரம் மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அவர் எழுந்து, மூக்கின்மேல் வைத்திருந்த ஸ்டிக்கர் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "யாரு இதத் தேச்சது" என்று கேட்டார். "நான்" என்றேன். ரித்விக் தரையில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் நின்ற பிள்ளைகளில் யாரோ அழுதார்கள், யார் என்று திரும்பிப் பார்க்க முடியாது, பெல்ட் அவ்வளவு இறுக்கம்.

இம்தியாஸ் தீயணைப்பானைக் கீழே வைத்தான். குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். விரலால் தொடப் போனவன் தொடாமல் கையை எடுத்துக்கொண்டான்.

"எப்பப் பாத்த வாணி?"

"நேத்து."

"நேத்துன்னா?"

பரிசோதகர் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்துவிட்டார், அது ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு நேராகத்தான் பிடித்திருக்கிறார், மூன்று நிமிடம் நாற்பது, நாற்பத்தொன்று.

"காலைலயா," என்றான், "நான் ஓட்டிட்டு வந்ததுக்கு அப்புறமா?"

என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். "காலைல" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான், ஏதோ சாதாரண விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டவன்போல். நிமிரும்போது வலது கை தானாகப் போய்த் தன் முழங்காலை ஒரு தடவை பிடித்துப் பார்த்தது. பிறகு கொட்டகையை விட்டு வெளியே நடந்தான். வெயிலில் அவன் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பூட்டை யாரும் திறக்கவில்லை, எனக்கும் திறக்கத் தோன்றவில்லை.